ஒரு படகுக்கு ஒரு வரி: உறவுள்ள பதிவுகளைக் குவெரியில் சேர்க்கும் வித்தை

ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ ஒரு விசைப்படகுச் சங்கத்துக்கு மீன்பாட்டுக் கணக்கை எழுதிவைக்கச் சின்னதாக ஒரு மென்பொருள் செய்துகொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சங்கச் செயலாளர் முதலில் கேட்கப்போவது இதுதான்: “தம்பி, ஒரு படகுக்கு ஒரு வரிதான் இருக்கணும். பக்கத்துலயே அது கொண்டுவந்த மீன் எல்லாம் கமா போட்டு வந்துடணும்.”

நியாயமான கேள்வி. நோட்டில் எழுதுகிறவர் அப்படித்தான் எழுதுவார்: படகு எண், அதன் பக்கத்தில் “இறால், கணவாய், நண்டு, சங்காயம்”. தரவுத்தளத்தில் அந்த நான்கும் நான்கு தனி வரிகளாகக் கிடக்கின்றன. நான்கையும் கோத்து ஒரே வரியில் காட்டும் ஃபங்ஷனின் பெயரைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் இன்னொன்றுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: குவெரியின் (தரவுத்தளத்திடம் நாம் எழுதிக் கேட்கும் கேள்வியின்) இந்த இடத்தில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? ஒரு படகையா, ஒரு தடவை கடலுக்குப் போய்வந்ததையா, அந்தத் தடவையில் வந்த ஒரு மீன் வகையையா? தப்பாக வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவற்றைத் தோண்டிப் பார்த்தால், எழுதியவர் இதைக் கேட்காமலே கூட்டல் போட்டிருப்பார் என்பது என் அபிப்பிராயம்.

சரி, பிறகு சேர்க்கத்தானே போகிறோம், முதலிலேயே ஏன் பிரித்துவைக்க வேண்டும்? படகு டேபிளிலேயே ‘மீன்கள்’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, கமா போட்டு எழுதிவிட்டால் வேலை முடிந்ததே என்று தோன்றும். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், 1970-இல் உறவுமுறைத் தரவுத்தளம் என்ற கருத்தை முன்வைத்தபோதே ஒரு கட்டத்துக்குள் மேலும் பிரிக்க முடியாத ஒரு மதிப்பு மட்டுமே இருக்கட்டும் என்ற யோசனை அதில் இருந்தது. பிற்பாடு அதை முதல் இயல்நிலை என்று பாடப்புத்தகங்கள் எழுதின. கோட்பாட்டை விடுங்கள், நடைமுறைக்கு வருவோம். கமா பட்டியலில் ‘நண்டு’ என்று தேடினால் ‘நீலக்கால் நண்டு’ என்று எழுதியதும் சேர்ந்து சிக்கும். எடை எழுத இடம் இல்லை. விலை எழுத இடம் இல்லை. கணவாய் கொண்டுவந்த படகுகள் எத்தனை என்று கேட்டால், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) எதுவும் உதவாமல் எல்லா வரியையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். மாலையில் யாராவது ‘இறால்’ என்பதற்குப் பதில் ‘எறால்’ என்று தட்டிவிட்டால் அதைத் தடுக்கவும் வழி கிடையாது.

ஆகவே நம் கணக்குக்கு நான்கு டேபிள். படகு ஒன்று. ஒவ்வொரு தடவை கடலுக்குப் போனதற்கும் ஒரு வரி வைத்து, பயணம் என்று இன்னொன்று. ஒரு பயணத்தில் வந்த ஒவ்வொரு மீன் வகைக்கும் ஒரு வரியாக, எடையும் தொகையும் சேர்த்து மீன்பாடு. டீசல், ஐஸ் போன்றவற்றுக்குச் செலவு. படகுக்குப் பல பயணம், பயணத்துக்குப் பல மீன்பாட்டு வரி, அதே பயணத்துக்குப் பல செலவு வரி.

இதில் பயணம் என்ற டேபிளை மிச்சப்படுத்திவிட்டு, தேதியையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் கடற்கரையில் அது உடனே மாட்டிக்கொள்ளும். பாக் விரிகுடாப் பக்கம் விசைப்படகுகளுக்கும் நாட்டுப்படகுகளுக்கும் வாரத்தின் நாட்களைப் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு புறப்படும். இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு மறுநாள் காலையில் கரைக்கு வரும். டோக்கனில் திங்கள், மீன் இறங்கியதும் எடை போட்டதும் செவ்வாய். டீசல் போட்டது திங்கள் பகல், ஒருவேளை ஞாயிறாகக்கூட இருக்கலாம். தேதியை வைத்து மூன்றையும் இணைத்தால் செலவு ஒரு நாளிலும் வரவு இன்னொரு நாளிலும் நிற்கும். மாதக் கடைசியில் புறப்பட்ட படகின் செலவு ஒரு மாதத்திலும் மீன் அடுத்த மாதத்திலும் விழும். டோக்கனுக்கு ஒரு வரி என்று வைத்து, மற்ற இரண்டையும் அதன் எண்ணோடு கட்டிவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இனி சேர்ப்பதற்கு வருவோம். தரவுத்தளத்தோடு பேசும் எஸ்க்யூஎல் மொழியில் இது இரண்டு படி. முதலில் ஜாயின்: படகையும் பயணத்தையும் மீன்பாட்டையும் எண்களைக் கொண்டு இணைக்கிறோம். இந்த இடத்தில் ஒரு வரி என்பது ஒரு பயணத்தின் ஒரு மீன். படகின் பெயர் ஒவ்வொரு வரியிலும் திரும்பத் திரும்ப வரும். அடுத்தது குரூப் பை: படகு எண் ஒன்றாக இருக்கும் வரிகளை ஒரு குவியலாக்கு என்கிறோம். குவியல் ஆனதும் ஒரு வரி என்பது ஒரு படகு. குவியலுக்குள் இருக்கும் எடைகளைக் கூட்டலாம், அதிகபட்சத்தை எடுக்கலாம், எண்ணலாம். மீன் பெயர்களை என்ன செய்வது? எழுத்தைக் கூட்ட முடியாது, கோக்கத்தான் முடியும்.

அந்தக் கோக்கும் ஃபங்ஷனுக்கு ஒவ்வொரு தரவுத்தள மென்பொருளிலும் ஒவ்வொரு பெயர். மைஎஸ்க்யூஎல்லில் குரூப்_கான்கேட், 4.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எஸ்க்யூலைட்டிலும் அதே பெயர். போஸ்ட்கிரேஸில் 2010-இல் வந்த 9.0 பதிப்பு முதல் ஸ்ட்ரிங்_அக். ஆரக்கிளில் 11ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து லிஸ்ட்அக், பின்னர் 2016-ஆம் ஆண்டின் எஸ்க்யூஎல் தரநிலையும் இந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வருக்கு 2017 பதிப்பு வரை இப்படி ஒன்று இல்லவே இல்லை. அதுவரை அங்கே வேலை பார்த்தவர்கள், வரிகளை எக்ஸ்எம்எல்லாக மாற்றச் சொல்லி, டேக்கின் பெயரைக் காலியாக விட்டு, முன்னால் நிற்கும் கமாவை ஸ்டஃப் என்ற ஃபங்ஷனால் வெட்டி எறிந்து கோத்தார்கள். பெயருக்குள் & குறி இருந்தால் அது எக்ஸ்எம்எல் பாணியில் உருமாறி வெளியே வரும், அதைச் சரிசெய்ய இன்னொரு சுற்று. பழைய மென்பொருள்களில் இன்றும் அந்தக் குவெரி கிடக்கும். பார்த்தால் பயப்பட வேண்டாம், செய்வது கமா போடும் வேலைதான்.

ஒரு படகு மாதத்தில் பல தடவை இறால் கொண்டுவரும். அப்படியே கோத்தால் “இறால், கணவாய், இறால், சங்காயம், இறால்” என்று வரும். டிஸ்டிங்க்ட் என்ற சொல்லை உள்ளே சேர்த்தால் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் வரும். மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரேஸிலும் இது நேராக நடக்கும். ஆரக்கிளில் 19சி பதிப்பில்தான் வந்தது. எஸ்க்யூஎல் சர்வரின் ஸ்ட்ரிங்_அக் இதை ஏற்காது, உள்ளே ஒரு துணைக் குவெரியில் தனித்த பெயர்களை எடுத்துவிட்டு வெளியே கோக்க வேண்டும். எஸ்க்யூலைட்டில் ஒரு வேடிக்கை: டிஸ்டிங்க்ட் போட்டால் பிரிக்கும் குறியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அது தரும் கமாவோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

வரிசையும் அப்படியே. சொல்லாவிட்டால் எந்த வரிசையில் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இன்று அகரவரிசையில் வந்தது, நாளைக்கு ஒரு இண்டெக்ஸ் சேர்த்ததும் மாறும். ஆர்டர் பையைக் கோக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுத வேண்டும், குவெரியின் கடைசியில் எழுதினால் அது படகுகளை மட்டும் வரிசைப்படுத்தும். எஸ்க்யூலைட் இதற்கு 2023-இல், 3.44 பதிப்பில்தான் இடம் கொடுத்தது. அகரவரிசை என்று நான் சொல்வதும் தமிழுக்கு அவ்வளவு நேரானதில்லை. யூனிகோட் எண்படி அடுக்கினால் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தே வந்து நிற்கும். புள்ளி வைத்த மெய், உயிர்மெய்க்கெல்லாம் பின்னால் போய்விடும். அகராதி வரிசை வேண்டுமென்றால் தமிழுக்கான கொலேஷனை, அதாவது எழுத்துகளை அடுக்கும் விதியை, கேட்டு வாங்க வேண்டும். போஸ்ட்கிரேஸில் ஐசியு என்ற யூனிகோட் நூலகம் வழியாக அது கிடைக்கிறது. செயலாளருக்கு அகராதி வரிசை முக்கியமா என்று முதலில் கேளுங்கள். எடை அதிகமான மீன் முதலில் வந்தால்தான் அவருக்குப் பிடிக்கும் என்பது என் ஊகம். அதற்கும் ஆர்டர் பைதான், ஆனால் அதற்கு முன்னால் மீன் வாரியாக எடையைக் கூட்டியிருக்க வேண்டும். அதாவது உள்ளே ஒரு குவியல், அதன் மேல் இன்னொரு குவியல்.

தமிழில் எழுதுகிறவர்களை மட்டும் கூடுதலாக அடிக்கும் ஒரு வரம்பு மைஎஸ்க்யூஎல்லில் இருக்கிறது. குரூப்_கான்கேட் கோத்துத் தரும் சரத்தின் நீளம் இயல்பாக 1024 பைட்டோடு நின்றுவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் எழுத்து கிடைக்கிறது. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘நெத்திலி’ என்பதைக் கண் நான்கு எழுத்தாகப் பார்க்கிறது. கணினிக்கு அது ந, கொம்பு, த, புள்ளி, த, கொக்கி, ல, கொக்கி என்று எட்டு குறியீடு. எட்டு மூன்று இருபத்துநான்கு பைட். கமாவும் இடைவெளியும் சேர்த்தால் இருபத்தாறு. அந்த அளவுள்ள பெயர் முப்பத்தொன்பது கோத்ததும் இடம் தீர்ந்துவிடும்.

தீர்ந்ததும் என்ன நடக்கும் என்பதுதான் மோசம். குவெரி நிற்காது. ஓர் எச்சரிக்கையைப் பதிந்துவிட்டு, வெட்டிய பட்டியலைத் தந்துவிடும். பெரும்பாலான மென்பொருள்கள் அந்த எச்சரிக்கையைப் படிப்பதே இல்லை. வெட்டு ஒரு பெயரின் நடுவிலும் விழலாம், புள்ளிக்கு முன்னால் விழுந்தால் நெத்திலி ‘நெத’ என்று நிற்கும். அரைகுறைச் சொல்லைப் பார்த்தால் யாராவது கேட்பார்கள். வெட்டு கமாவில் சரியாக விழுந்துவிட்டால் பட்டியல் முழுமை போலவே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. தீர்வு சுலபம்: குரூப்_கான்கேட்_மேக்ஸ்_லென் என்ற அமைப்பை அந்த இணைப்புக்கு உயர்த்திவிட்டுக் குவெரியை ஓட்டுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் உறவுக்காரரான மரியாடிபி 10.2.4 முதல் இந்த இயல்பு அளவையே ஒரு மெகாபைட்டாக்கிவிட்டது. ஆரக்கிள் வழக்கமான அமைப்பில் 4000 பைட் தாண்டினால் பிழை என்று சொல்லி நின்றுவிடும், 12.2 பதிப்பு முதல் வேண்டுமானால் வெட்டிக்கொள் என்று நாமே சொல்லலாம். அமைதியாக வெட்டுவதைவிடச் சத்தம் போட்டு நிற்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது, வராத மீனின் கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். மே மாத அறிக்கையைச் சாதாரண ஜாயினில் எடுத்தால் ஒரு விசைப்படகுகூட வராது. இணைப்புக்கு எதிர்ப்பக்கம் வரி இல்லாத படகை அது விட்டுவிடும். எல்லாப் படகும் வேண்டும், மீன் இல்லாதவற்றுக்கு வெற்றிடம் போதும் என்றால் லெஃப்ட் ஜாயின்.

இதை எழுதியபின்னும் படகுகள் காணாமல் போனால், மாத நிபந்தனையை எங்கே எழுதினீர்கள் என்று பாருங்கள். வரிகளை வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் ‘பயணத் தேதி மே மாதம்’ என்று எழுதினால், பயணமே இல்லாத படகின் தேதி நல், அதாவது மதிப்பே இல்லாத வெற்றிடம். நல் எந்த மாதத்திலும் இல்லை. வரி வடிகட்டப்பட்டுவிடும், லெஃப்ட் ஜாயின் என்று எழுதியது வீண். நிபந்தனையை ஜாயினின் இணைப்பு விதி எழுதும் ஆன் (ON) பகுதிக்குள் கொண்டுபோனால் படகு நிற்கும், பயணம் மட்டும் வெற்றிடமாகும்.

அப்புறம் எண்ணும்போது இன்னொரு கோளாறு. லெஃப்ட் ஜாயினுக்குப் பிறகு கவுண்ட் நட்சத்திரம் போட்டால், கரையில் நிற்கும் படகுக்கு ‘1 பயணம்’ என்று வரும். ஏனென்றால் அந்தப் படகுக்கு ஒரு வரி இருக்கிறது, வெற்று வரிதான் என்றாலும் வரி வரிதான். பயண எண்ணை எண்ணு என்று சொன்னால் நல் எண்ணப்படாது, 0 வரும். ஒரு வரி எதைக் குறிக்கிறது என்ற கேள்வியை இங்கே கேட்டால் பதில், ‘ஒரு பயணம், அல்லது பயணமே இல்லாத ஒரு படகு’. இந்த ‘அல்லது’ இருக்கும் இடத்தில் எண்ணும்போது கவனம் தேவை. தடைக்காலத்தில் எல்லாப் படகும் தலைக்கு ஒரு தடவை கடலுக்குப் போனதாக அறிக்கை சொன்னால் சங்கத்துக்குத்தான் வம்பு.

கோக்கும் ஃபங்ஷன்கள் நல் மதிப்பைப் பேசாமல் தாண்டிவிடும், பட்டியலில் இரட்டைக் கமா வராது. ஒரே வரிக்குள் இரண்டு சரத்தை ஒட்டும்போது கதை வேறு. மீன் பெயரோடு எடையை ஒட்டி ‘இறால் 50 கிலோ’ என்று காட்ட நினைத்து, எடை நல் ஆக இருந்தால், போஸ்ட்கிரேஸின் இரட்டைக் கோட்டுக் குறி மொத்தத்தையும் நல் ஆக்கிவிடும். மைஎஸ்க்யூஎல்லின் கான்கேட்டும் அப்படியே. பிறகு கோக்கும் ஃபங்ஷன் அந்த நல்லைத் தாண்டிப் போகும். எடை எழுதாததால் மீனே மறைந்துபோகும். நல் வந்தால் மாற்று மதிப்பைத் தரும் கோஅலெஸ் ஃபங்ஷனைப் போட்டு ‘எடை இல்லை’ என்று எழுதவைத்தால் குறை வெளியே தெரியும்.

இதுவரை சொன்னவை எல்லாம் சிறு காயம். உண்மையில் பணத்தைத் தின்னும் தப்பு இனிமேல்தான். செயலாளர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “வரவும் செலவும் பக்கத்துல பக்கத்துல வந்தா நல்லாயிருக்கும் தம்பி” என்பார். மீன்பாட்டை ஏற்கெனவே ஜாயின் செய்திருக்கிறோம், செலவையும் சேர்த்து ஒரு ஜாயின் போட்டால் தீர்ந்தது என்று கை தானாகப் போகும்.

ஒரு பயணத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். இறால் 50 கிலோ, 20,000 ரூபாய். கணவாய் 60 கிலோ, 12,000. சங்காயம் 400 கிலோ, 8,000. ஏலத்தில் வந்த மொத்தம் 40,000. செலவு இரண்டு வரி: டீசல் 25,000, ஐஸ் 3,000. மொத்தம் 28,000. மிச்சம் 12,000 ரூபாய்.

இப்போது பயணத்தோடு மீன்பாட்டையும் செலவையும் ஒரே குவெரியில் இணையுங்கள். மீன்பாட்டுக்கும் செலவுக்கும் நடுவே நேரடி உறவு எதுவும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது பயண எண் மட்டும். ஆகவே தரவுத்தளம் ஒவ்வொரு மீன் வரியையும் ஒவ்வொரு செலவு வரியோடும் ஜோடி சேர்க்கும். இறாலோடு டீசல், இறாலோடு ஐஸ், கணவாயோடு டீசல் என்று மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு வரி. இந்த ஆறின் மேல் கூட்டல் போட்டால் ஒவ்வொரு மீன் தொகையும் இரண்டு தடவை வரும்: வரவு 80,000. ஒவ்வொரு செலவும் மூன்று தடவை வரும்: 84,000. 12,000 ரூபாய் லாபம் பார்த்த படகு 4,000 ரூபாய் நஷ்டத்தில் நிற்கிறது. படகில் போனவர்கள் பட்டியலையும் ஓர் ஆளுக்கு ஒரு வரியாகச் சேர்த்து, நான்கு பேர் என்றால், ஆறு வரி இருபத்துநான்காகும்.

மீன் பட்டியலைக் கோக்கும்போது டிஸ்டிங்க்ட் போட்டிருந்தோம் அல்லவா? அது இந்தப் பெருக்கத்தை மறைத்துவிடும். பட்டியல் ‘இறால், கணவாய், சங்காயம்’ என்று சுத்தமாக வரும், பக்கத்தில் தொகை மட்டும் இரட்டிப்பாக இருக்கும். டிஸ்டிங்க்ட் எடுத்துவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் ‘இறால், இறால், கணவாய், கணவாய்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். பட்டியலில் எதிர்பாராமல் ஒரே பெயர் இரட்டித்தால், டிஸ்டிங்க்ட் போட்டு வாயை அடைப்பதற்கு முன் எங்கிருந்து பெருகியது என்று தேடுவதே முறை. சராசரியும் துப்புக் கொடுக்காது. எல்லாத் தொகையும் சமமாக இரண்டு தடவை வந்தால் சராசரி மாறாமல் அப்படியே இருக்கும்.

இதற்குக் கைவைத்தியமாகச் சிலர் கூட்டலுக்குள்ளும் டிஸ்டிங்க்ட் போடுவார்கள். நம் உதாரணத்தில் 20,000, 12,000, 8,000 மூன்றும் வேறு வேறு என்பதால் 40,000 என்று சரியாகவே வரும். பார்த்தவர் திருப்தியாகிவிடுவார். மறுநாள் கணவாயும் 12,000-க்குப் போய், நண்டும் 12,000-க்குப் போனால், இரண்டில் ஒன்று காணாமல் போகும். இங்கே தனித்தன்மை மீன்பாட்டு வரியின் எண்ணுக்குத்தானே ஒழிய, தொகைக்கு இல்லை. டீசலுக்குச் சமமான தொகை இன்னொரு செலவில் வருகிறவரை மட்டும் சரியாக வேலை செய்யும் கணக்கை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

சரியான வழி, சேர்ப்பதற்கு முன்னால் சுருக்குவது. ஒரு துணைக் குவெரி மீன்பாட்டைப் பயண வாரியாகக் குவித்து, பயணத்துக்கு ஒரு வரியாக்கட்டும்: பயண எண், மீன் பட்டியல், வரவு 40,000. இன்னொரு துணைக் குவெரி செலவைப் பயண வாரியாக ஒரு வரியாக்கட்டும்: பயண எண், 28,000. இப்போது பயணத்தோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்தால் ஒன்றுக்கு ஒன்று, பெருக இடமில்லை. வித் என்ற சொல்லால் இந்தத் துணைக் குவெரிகளுக்குப் பெயர் வைத்து மேலே எழுதிக்கொண்டால் அடுத்தவருக்கும் படிக்க எளிது. மைஎஸ்க்யூஎல் இதை 8.0 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது, பழைய பதிப்பில் துணைக் குவெரியை ஃப்ரம் பகுதிக்குள் எழுதினால் போதும். எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ‘ஒரு வரி = ஒரு பயணம்’ என்று ஒரு குறிப்பு எழுதிவிடுவது என் வழக்கம். அந்தக் குறிப்பை எழுத முடியாமல் திணறினால் குவெரி தப்பு என்று அர்த்தம்.

சராசரியைத் தொட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இறால் கிலோ 400, கணவாய் 200, சங்காயம் 20 என்ற மூன்று விலையை எடுத்துச் சராசரி போட்டால் 206 ரூபாய்ச் சொச்சம் வரும். மொத்தத் தொகையை மொத்த எடையால் வகுத்தால், 40,000 வகுத்தல் 510, கிலோவுக்கு 78 ரூபாய்ச் சொச்சம். கோழித்தீவனத்துக்குப் போகிற 400 கிலோ சங்காயத்துக்கும் 50 கிலோ இறாலுக்கும் ஒரே மதிப்பெண் கொடுத்தால் இப்படித்தான் வரும். கூட்டலும் வகுத்தலும் கடைசியில் ஒரு தடவைதான். நடுவில் எடுத்த சராசரிகளை மறுபடி சராசரி எடுக்கக் கூடாது.

மண்டபத்துக்காரர்களுக்கு இந்த எடைபோடும் விவகாரம் புதிதில்லை. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நெடுநாள் மண்டபத்தில்தான் இருந்தது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போனாலும் மையம் இங்கே இன்றும் இருக்கிறது. நாட்டின் கடல் மீன்பாட்டை அந்த நிறுவனம் மதிப்பிடுவது மாதிரிக் கணக்கெடுப்பு மூலம். சில இறங்குதளங்களில், சில நாட்களில், சில படகுகளை மட்டும் பார்த்து எழுதுகிறார்கள். அப்படி எழுதிய ஒரு வரி அந்தப் படகுக்காக மட்டும் பேசுவதில்லை, பார்க்காமல் விட்ட படகுகளுக்கும் சேர்த்துப் பேசுகிறது. அந்த விகிதத்தால் பெருக்காமல் நேராகக் கூட்டினால் மொத்தம் பல மடங்கு குறைந்துபோகும். அங்கே பெருக்குவது கடமை, நம் குவெரியில் பெருகியது விபத்து. இரண்டையும் பிரித்துக்காட்டுவது வரியின் பொருள் மட்டுமே.

எதை வைத்துக் குவிப்பது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அறிக்கையில் தெரியப்போவது படகின் பெயர், ஆகவே பெயரை வைத்தே குரூப் பை போட்டுவிடலாம் என்று தோன்றும். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அந்தோணியார் பெயரில் ஒரே ஒரு படகுதான் இருக்குமா என்ன? பெயரால் குவித்தால் எல்லா அந்தோணியாரும் சேர்ந்து கடற்கரையிலேயே பெரிய படகாகிவிடுவார்கள். பதிவு எண்ணையோ, டேபிளின் சொந்த அடையாள எண்ணையோ வைத்துத்தான் குவிக்க வேண்டும், பெயர் கூடவே வரட்டும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள், குவியலில் இல்லாத நெடுவரிசையைக் கேட்டால் ஏதோ ஒரு வரியிலிருந்து ஒரு மதிப்பை எடுத்துக் கொடுத்துவிடும். 5.7 பதிப்பு முதல் இயல்பாகவே மறுக்கிறது. அப்போது வரும் பிழைச் செய்தியைப் பார்த்து எரிச்சல்பட்டு அந்த அமைப்பையே அணைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். உங்கள் வரி எதைக் குறிக்கிறது என்று அது கேட்கிறது, பதில் சொல்லுங்கள்.

மீன் பெயரிலும் இதே தொல்லை, தலைகீழாக. வஞ்சரம் என்று ஒருவர் எழுதுவார், நெய்மீன் என்று இன்னொருவர். மீன் ஒன்று, குவியல் இரண்டு. இன்னும் நுட்பமான வழக்கு ஒன்று: ‘கொடுவா’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் அமைப்பில் அவை வெவ்வேறு சொல், டிஸ்டிங்க்ட் போட்டாலும் “கொடுவா, கொடுவா” என்று இரண்டு தடவை வரும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காரணம் கண்ணுக்குத் தெரியாது. போஸ்ட்கிரேஸில் 13 பதிப்பு முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அதைவிட நல்ல வழி, மீனுக்குத் தனி டேபிள் வைத்து, மீன்பாட்டு வரியில் மீன் எண்ணை மட்டும் எழுதுவது. தட்டச்சு செய்கிறவர் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கட்டும். வஞ்சரமும் நெய்மீனும் அந்த டேபிளில் ஒரே எண்ணுக்கு இரண்டு பெயராக இருக்கலாம்.

கோத்த பட்டியலைச் செயலாளர் படிக்கத்தான் தருகிறோம். இன்னொரு மென்பொருள் படிக்கப்போகிறது என்றால் கமாவை நம்ப வேண்டாம். பெயருக்குள்ளேயே கமா இருந்தால் பிரிக்கிறவன் தடுமாறுவான். அதற்கு, மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவில் குவித்துக் கொடுக்கலாம். போஸ்ட்கிரேஸில் ஜேசன்_அக், மைஎஸ்க்யூஎல்லில் ஜேசன்_அரேஅக் இருக்கின்றன. பெயரோடு எடையும் தொகையும் தத்தம் இடத்திலேயே பத்திரமாகப் போகும், 1024 பைட் வெட்டும் அங்கே கிடையாது.

அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் இரண்டு சின்னக் குவெரி தனியாக ஓட்டிப் பாருங்கள். ஒன்று, படகு டேபிளில் எத்தனை வரி இருக்கிறதோ அறிக்கையிலும் அத்தனை வரிதானா. இரண்டு, எந்த ஜாயினும் இல்லாமல், டோக்கன் எண்ணை மட்டும் கொண்டு அந்த மாதப் பயணங்களின் மீன்பாட்டைக் கூட்டினால் வரும் தொகையும், அறிக்கையின் வரவு நெடுவரிசையைக் கூட்டினால் வரும் தொகையும் ஒன்றா. செலவுக்கும் அதே போல் ஒரு தடவை. அறிக்கைத் தொகை அதிகமாக இருந்தால் எங்கோ வரி பெருகியிருக்கிறது. குறைவாக இருந்தால், லெஃப்ட் ஜாயின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஜாயின் இருக்கிறதா, நிபந்தனை வேர் பகுதிக்கு நழுவியிருக்கிறதா என்று அந்த இரண்டு இடத்தை முதலில் பாருங்கள்.